சுன்னத்துக்குப் பின்: என்ன கொடுப்பது, எதைத் தொடாமல் விடுவது

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கிளினிக்குகளில் சுன்னத்துக்கு, அதாவது ஆணுறுப்பின் முன்தோலை நீக்கும் அறுவைக்கு, வரும் பையன்களின் வரிசை நீளும். அறுவை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டில் கழியும் அடுத்த பத்து நாள்தான் வேலை. அந்தப் பத்து நாளில் பிள்ளையை அதிகம் வாட்டுவது பெரும்பாலும் பந்தாங், அதாவது விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியல்தான். முட்டை ஆகாது, கோழி ஆகாது, இறால் ஆகாது, தொங்கோல் (சூரை) மீன் ஆகாது, பெலாச்சான் (இறால் விழுது) வாசனைகூட ஆகாது என்று ஒதுக்கிக்கொண்டே போனால் தட்டில் மிஞ்சுவது வெறுஞ்சோறும் பொரித்த நெத்திலியும். புண் ஆறத் தேவையான புரதம் ஒதுக்கிய பக்கத்தில் கிடக்கும்.

இந்தப் பயம் எப்படி வந்தது என்பது புண்ணைக் கவனித்தால் புரியும். மூன்றாம் நாள் வாக்கில் ஆணுறுப்பின் மொட்டின் மேல் மஞ்சளாக ஒரு படலம் படியும். அது சீழ் இல்லை. புதுத் தோல் வருவதற்கு முன் உடம்பு போடும் மூடி. நான்காம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை அரிப்பும் இருக்கும். ஆறுகிற புண் எல்லாமே அரிக்கும். அன்றைக்குப் பார்த்துப் பையன் முட்டை தின்றிருந்தால் பழி முட்டைமேல் விழும். முன்பே முட்டையோ இறாலோ தின்றால் உடம்பு தடிக்கும், உதடு வீங்கும் என்கிற பிள்ளைக்கு இப்போதும் அது வேண்டாம். மற்றவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அளவு சொல்ல வேண்டுமென்றால், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலாகப் புரதம் போதும். 22 கிலோ உள்ள ஏழு வயதுப் பையனுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த கோழி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல். ஆக ஒரு முட்டை, ஒரு கைப்பிடி கோழி, ஒரு கிண்ணம் பருப்பு இருந்தால் கணக்கு முடிந்தது. கொய்யா, பப்பாளி, ஆரஞ்சில் ஏதாவது ஒன்று நாள்தோறும் இருக்கட்டும். அதிலுள்ள வைட்டமின் சி புதுத் தோல் கட்ட உதவும். உணவோடு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை தடுக்கும்.

விரால் மீனுக்கு இங்கே தனி மரியாதை உண்டு. சௌராஸ்தா மார்க்கெட்டிலோ சௌகிட் பாசாரிலோ அதன் மலாய்ப் பெயரில் ஹாருவான் என்று கேட்டால் மீன்காரருக்கே காரணம் தெரிந்துவிடும். நல்ல மீன்தான், சந்தேகமில்லை. ஆனால் சாற்றை மட்டும் வடித்துக் குடிக்கவைத்துவிட்டுச் சதையை ஒதுக்குவது வீண். புரதம் பெரும்பாலும் சதையில்தான் இருக்கிறது. 400 கிராம் மீனை உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து வழுவழுப்பு போகக் கழுவிக்கொள்ளுங்கள். மூன்று கோப்பைத் தண்ணீரில் நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, பூண்டு நாலு பல், சின்ன வெங்காயம் ஐந்தாறு, மிளகு அரை டீஸ்பூன், மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்க விட்டு, மீனைச் சேர்த்துச் சிறு தீயில் 15 நிமிடம் வேகவையுங்கள். முள் எடுத்து, சோற்றில் பிசைந்து ஊட்டலாம். ஃபார்மசியில் பாட்டிலில் விற்கும் ஹாருவான் சாறு, முட்டையும் கோழியும் சாப்பிடுகிற பிள்ளைக்குத் தேவையில்லை. அந்தக் காசுக்கு மீனே வாங்கலாம்.

மரப்பு ஊசி மட்டும் போட்டிருந்தால் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடலாம். முழு மயக்கம் கொடுத்திருந்தால் முதலில் தண்ணீர் சில மிடறு. வாந்தி வரவில்லை என்றால் கஞ்சி. நோன்புக் கஞ்சி வைக்கத் தெரியாத வீடு நம்மில் குறைவு, அதுவே போதும்: அரிசி அரைக் கோப்பை, பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, கொத்திய கோழி 100 கிராம், வெந்தயம் அரை டீஸ்பூன், இஞ்சி பூண்டு, ஐந்து கோப்பைத் தண்ணீர். குழைந்ததும் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை ஊற்றி இறக்குங்கள்.

காரம் புண்ணுக்குப் போகாது. ஆனால் நாசி கண்டார் கடைச் சோற்றோடு வரும் காரக் குழம்பு வயிற்றைக் கலக்கினால் கழிவறைக்கு ஓடி ஓடிப் பையன்தான் அவதிப்படுவான், அதனால் ஒரு வாரம் குறைத்துக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கைவிட மோசமானது மலச்சிக்கல். வலிக்குமோ என்று பயந்து பையன் அடக்குவான், மூன்றாம் நாள் இறுகிவிடும், முக்கும்போது இரத்தம் கசியும். முதல் நாளிலிருந்தே காலையில் ஒரு கிண்ணம் பப்பாளி, மதியம் கீரையோ பருப்போ கொடுங்கள். குந்தும் கழிவறையைவிட உட்காரும் கழிவறை நல்லது. மூன்று நாளாகியும் போகவில்லை என்றால் ஃபார்மசிஸ்டிடம் வயதைச் சொல்லி, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கேளுங்கள்.

தண்ணீரிலும் இதே சிக்கல். எரியும் என்று பயந்து குடிக்க மறுப்பான்; குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து இன்னும் எரியும். 22 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் தேவை, சூப்பும் பார்லித் தண்ணீரும் சேர்த்துத்தான். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. எரிச்சல் தாங்காவிட்டால் சிறுநீர் கழிக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றிவிடுங்கள்.

வலி மருந்தில்தான் அதிகம் குழப்பம். மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். வலி ஏறியபின் கொடுப்பதைவிட அதற்கு முன்பே கொடுப்பது நல்லது. கிளினிக்கிலேயே ஒரு வேளை கொடுத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாராசிட்டமோல் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம் என்றால் முதலாவதில் 12.5 மில்லி, இரண்டாவதில் 6 மில்லி. பாட்டிலைப் பார்க்காமல் பழைய அளவிலேயே ஊற்றினால் மருந்து இரு மடங்காகலாம், இல்லை பாதியாகலாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. டெங்கி சந்தேகம் இருந்தால் இபுப்ரோஃபென்னும் வேண்டாம்.

புண்ணைப் பொறுத்தவரை கையை அடக்குவதுதான் பராமரிப்பு. மஞ்சள்தூள், சாம்பல், பவுடர், காப்பித்தூள், காமாட் (கடல் அட்டை) எண்ணெய் எதுவும் வேண்டாம். டாக்டர் கொடுத்த களிம்பு மட்டும். கட்டுத்துணியை எப்போது எடுப்பது என்பது செய்த முறையைப் பொறுத்தது, வழக்கமாக 24 முதல் 48 மணி நேரத்தில். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு கரைத்து, வெதுவெதுப்பாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டால் தானாகக் கழலும். கழுவியபின் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். கரையும் தையல் இரண்டு மூன்று வாரத்தில் உதிரும். தையலுக்குப் பதில் கிளாம்ப் என்னும் பிளாஸ்டிக் வளையம் போட்டிருந்தால் ஐந்து முதல் ஏழு நாள். டாக்டர் சொல்லாமல் அதை வீட்டில் யாரும் நோண்டக்கூடாது.

கைலிதான் சிறந்த உடை. துணி படாமல் இருக்க நடுவில் கயிறு கட்டி மேலே தூக்கி வைக்கும் நன்னிமார் (பாட்டிமார்) வழக்கம் நல்ல யோசனை. கயிற்றை மின்விசிறியில் மட்டும் கட்டிவிடாதீர்கள். கிண்ணம் வைத்த சுன்னத் உள்ளாடை வெளியே போக வசதி, ஆனால் அளவு சிறிதாக இருந்தால் அழுத்தும், வீட்டில் போட்டே வைத்திருந்தால் வேர்த்து ஊறும்.

இருபது சென் காசு அளவு இரத்தக்கறை சாதாரணம். சொட்டினால் சுத்தமான கோஸ் துணியை (புண்ணுக்குக் கட்டும் வலைத்துணி) வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். சுற்றி இறுக்கிக் கட்டுவது ஆபத்து, மொட்டுக்கு இரத்தம் போகாது. பத்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லை, எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் வரவில்லை, மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறுகிறது, சிவப்பு அடிவயிற்றுப் பக்கம் பரவுகிறது, நாற்றத்தோடு சீழ் வருகிறது, காய்ச்சல் 38.5ஐத் தாண்டுகிறது, கிளாம்ப் வளையம் பின்னால் நகர்ந்துவிட்டது: இவற்றில் எது இருந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பள்ளிக்கூடம் ஒரு வாரத்தில் போகலாம். நீச்சல், சைக்கிள், பந்து விளையாட்டு எல்லாம் புண் முழுக்க ஆறிய பிறகுதான்; குறைந்தது இரண்டு வாரம், சிலருக்கு நாலு வாரம்.

பெரியவர்கள் செய்துகொண்டால் ஆற இன்னும் நாளாகும். விடியற்காலை விறைப்பில் தையல் இழுக்கும். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுங்கள், வலித்தால் எழுந்து நடங்கள். உடலுறவுக்கு நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் தேனும் பேரீச்சையும் சேர்த்துக்கொண்டு உடம்பைத் தேற்ற நினைக்க வேண்டாம். சர்க்கரை ஏறினால் புண் ஆறுவது தள்ளிப்போகும், கிருமி சீக்கிரம் பற்றும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இந்த நாள்களில் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.