சென்னை–சிங்கப்பூர்: விமான தூரமும் பயண நேரமும் நாமே கணக்கிடுவது எப்படி?

டிக்கெட்டில் இரவு 11.30க்குப் புறப்பட்டு காலை 6.15க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், ஆறேமுக்கால் மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி போட்டிருப்பது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அதைக் கழித்தால் 4 மணி 15 நிமிடம்தான் வரும். திரும்பி வரும்போது இதையே கூட்ட வேண்டும்: அங்கே இரவு 8க்கு ஏறி இங்கே 9.40க்கு இறங்கினால், 1.40 கூட்டல் 2.30, அதாவது 4 மணி 10 நிமிடம். (சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்கு ஒன்றரை மணி வித்தியாசம்தான் வர வேண்டும், ஆனால் பல முறை கடிகாரத்தை முன்னால் நகர்த்திக்கொண்டார்கள், கடைசியாக 1982இல் அரை மணி.)

சரி, டிக்கெட்டே கையில் இல்லை, தூரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால்?

படி 1: தூரம். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சென்னை விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, தூரத்தை அளவிடும் வசதியைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் சாங்கி விமான நிலையத்தைக் கிளிக் செய்யுங்கள். சுமார் 2,920 கி.மீ. காட்டும். மைலில் காட்டினால் 1.609ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இணையம் இல்லாமலும் போடலாம். சென்னை 13° வடக்கு, 80.2° கிழக்கு, சாங்கி 1.4° வடக்கு, 104° கிழக்கு. வித்தியாசம் 11.6, 23.8. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 26.5, ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 2,940 பக்கம் வரும். பள்ளியில் படித்த பிதாகரஸ்தான், மோசமில்லை. ஆனால் இரண்டு ஊருமே நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இது ஒத்துவருகிறது. வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும், 60° அட்சரேகையில் ஒரு டிகிரி பாதியாகச் சுருங்கிவிடும், அதனால் லண்டனுக்கெல்லாம் இந்தக் குறுக்குவழியை நம்ப வேண்டாம்.

படி 2: நேரம். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 850 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,920ஐ வகுத்தால் சுமார் 3 மணி 25 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, அதற்கு அரை மணி சேருங்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரம் விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது என்று இன்னும் இருபது நிமிடம். மொத்தம் நாலே கால் மணி, மேலே டிக்கெட்டில் வந்த அதே கணக்கு.

படி 3: காற்று. இந்த வழியில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். லண்டன்–நியூயார்க் போன்ற வழிகளில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றால், ஒரே 5,540 கி.மீ. தூரத்துக்குப் போக சுமார் எட்டு மணி நேரமும் திரும்ப ஏழு மணி நேரமும் ஆகிறது.

நடுவில் விமானம் மாறுவதாக இருந்தால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். கொழும்பு வழியாக என்றால் 650ம் 2,750ம் சேர்ந்து 3,400 கி.மீ. ஆகிறது. கூடுதல் தூரம் 480தான், அரை மணி சமாச்சாரம். இன்னொரு முறை ஏறி இறங்கி ஊர்வதற்கு ஐம்பது நிமிடம் சேர்த்தாலும் ஒன்றரை மணிக்குள் அடங்கிவிடும். கொழும்பில் எத்தனை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள் என்பதைத்தான் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும்.