அக்டோபர் வந்தால் போஸ்டர் ஒட்டும் ஆபீஸ்களுக்கு: கறுப்பர் வரலாற்று மாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்தால் போதும், "அக்கா, எங்க ஆபீஸ்ல கறுப்பர் வரலாற்று மாதக் கமிட்டியில என்னைப் போட்டுட்டாங்க, என்ன செய்யலாம்?" என்று யாராவது ஒருவர் திட்டம் ஒன்றை அனுப்பிவிடுவார். லண்டனில் எச்ஆர் வேலையில் ரொம்ப காலமாக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குத்தான் வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள், ஐடி அல்லது வங்கி வேலை. 'பன்முகத்தன்மை' என்று பெயர் வைத்த எந்தக் கமிட்டியாக இருந்தாலும் வெள்ளையர் அல்லாத முகம் ஒன்று வேண்டும் என்று இழுத்துப் போடப்பட்டவர்கள். திட்டத்தைத் திறந்தால், அந்தக் காலத்தில் நாங்கள் எங்கள் கமிட்டியில் அடித்த கூத்து வரிசை மாறாமல் அப்படியே இருக்கும்.

முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு வருவது, பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது போன்றவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது தப்பு என்று இன்னும் தெரியாதவருக்குக் கட்டுரை எதுவும் செய்ய முடியாது. நல்ல மனசோடு, ராத்திரி உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்தான் இவை.

அமெரிக்காவை இறக்குமதி செய்வது

பத்துத் திட்டங்களில் ஒன்பதில் முதல் போஸ்டர் மார்ட்டின் லூதர் கிங், இரண்டாவது அலபாமா மாநிலத்தில் வெள்ளையருக்குப் பஸ் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருப்பது இங்கிலாந்தில். அமெரிக்காவின் மாதம் பிப்ரவரி. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய கார்ட்டர் உட்சன் 1926இல் அதை ஒரு வாரமாக ஆரம்பித்தார்; லிங்கன் பிறந்தநாளும், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸின் பிறந்தநாளும் வரும் வாரம் என்பதால் பிப்ரவரி. அது முழு மாதமாக அரசின் அங்கீகாரம் பெற்றது 1976இல். பிரிட்டனில் கதையே வேறு. கானாவிலிருந்து வந்து லண்டனில் வேலை பார்த்த அக்யாபா அடாய்-செபோவின் முயற்சியில் 1987இல் தொடங்கியது, மாதம் அக்டோபர்.

சரி, இங்கே சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆபீஸில் கொண்டாடுவதற்கு ஆபீஸ் சம்பந்தப்பட்ட கதையே இருக்கிறது. 1963, பிரிஸ்டல் நகரம். பஸ் கம்பெனி கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுக்காது. பணிமனையிலும் கேன்டீனிலும் மட்டும் வைத்துக்கொள்ளும். அப்போது அது சட்டவிரோதமும் இல்லை. பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் நல அலுவலர், வேலை காலி இருக்கிறதா என்று முதலில் விசாரித்து உறுதி செய்துகொண்டு, கை பெய்லி என்ற பதினெட்டு வயதுப் பையனை இன்டர்வியூவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். பையன் ஜமைக்காக்காரன் என்று தெரிந்ததும் வேலை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஏப்ரல் 30 முதல் பஸ் புறக்கணிப்பு. ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி போன்ற மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் முன்னின்று நடத்தினார்கள். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு தகவல்: அப்போது டிரினிடாட் நாட்டின் ஹை கமிஷனராக லண்டனில் இருந்த முன்னாள் மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி இறங்கி வந்தது. வாஷிங்டனில் கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே நாள்.

இந்தக் கதையில் நான் எல்லோருக்கும் சுட்டிக்காட்டும் இடம் இரண்டு. ஒன்று, தடை போட்டது நிர்வாகம் மட்டும் இல்லை, தொழிற்சங்கக் கிளையும்தான். அடிப்படைச் சம்பளம் குறைவு, ஓவர்டைமை வைத்துத்தான் வீட்டுச் செலவு, புதிதாக ஆள் வந்தால் ஓவர்டைம் போய்விடும் என்ற பயம். அந்தச் சங்கத்தின் இன்றைய வாரிசான யுனைட் மன்னிப்புக் கேட்டது 2013இல், ஐம்பது வருஷம் கழித்து. இன்னொன்று, தடை நீங்கியபின் செப்டம்பர் 17 அன்று பிரிஸ்டலில் வேலைக்குச் சேர்ந்த, வெள்ளையர் அல்லாத முதல் கண்டக்டர் ரக்பீர் சிங், ஒரு சீக்கியர். மேற்கிந்தியர்கள் தெருவில் நின்று திறந்த கதவில் முதலில் நுழைந்தது ஒரு இந்தியர். 1965, 1968 ஆண்டுகளின் இன உறவுச் சட்டங்களுக்கு வழி போட்டதிலும் இந்தப் போராட்டத்துக்குப் பங்கு உண்டு. வேலையில் பாகுபாடு கூடாது என்று வந்தது 1968 சட்டத்தில்தான். இங்கே பேட்ஜ் மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குள் போகும் தமிழர் ஒவ்வொருவருக்கும் இது சொந்தக் கதை. அதை விட்டுவிட்டு அலபாமாவுக்கு ஏன் போகிறீர்கள்?

சாப்பாடு மட்டும்

மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொல்லாஃப் சோறு பிரமாதம், சாப்பிடுங்கள், ஆனால் அது நிகழ்ச்சி ஆகாது.

பேச்சாளருக்குப் பணம் கொடுக்காமல் இருப்பது

"உங்களுக்கும் ஒரு வெளிச்சம் கிடைக்குமே" என்று எழுதாதீர்கள். கொடுங்கள்.

எல்லா வேலையையும் அந்த ஒருத்தி தலையில் கட்டுவது

இதைத்தான் எழுத வந்தேன். மற்ற தவறுகளால் நிகழ்ச்சி சொதப்பும், அவ்வளவுதான். இதனால் ஒருவருடைய பிழைப்பே கெடும்.

முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் நிதிப் பிரிவில் ஒரு பெண், நைஜீரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவர். கணக்கில் புலி. அந்தத் தளத்திலேயே கறுப்பினத்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், அக்டோபர் நிகழ்ச்சியை "நீங்கள்தான் பொருத்தமானவர்" என்று அவரிடம் கொடுத்தார்கள். அவர் முடியாது என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் 'ஒத்துழைக்காதவர்'. கேட்டவரோ அவருடைய மேலாளருக்கும் மேலாளர்.

வெளியே இருந்து பார்த்தால் ஒரு மணி நேரக் கூட்டம்தானே என்று தோன்றும். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்னென்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பேச்சாளரைத் தேட வேண்டும், தேதி கேட்க வேண்டும், அவருடைய பழைய ட்வீட்டுகளில் வில்லங்கம் ஏதாவது இருக்கிறதா என்று சட்டப் பிரிவு கேட்கும், அதற்குப் பதில் எழுத வேண்டும். அழைப்பிதழின் வாசகத்தை விளம்பரப் பிரிவு மூன்று தடவை திருப்பி அனுப்பும். 'இனவெறி' என்ற சொல் கொஞ்சம் காட்டமாக இருக்கிறதாம், 'சவால்கள்' என்று போடலாமாம். ஹால் கிடைக்காது. கிடைத்த ஹாலில் மைக் இருக்காது. இதற்கு நடுவே யாராவது ஒரு மகானுபாவன், வெள்ளையர் வரலாற்று மாதம் எப்போது என்று எல்லோருக்கும் நகல் போட்டு மின்னஞ்சல் அனுப்புவான், அதற்கும் அந்தப் பெண்தான் சிரித்த முகத்தோடு பதில் எழுத வேண்டும். ஆபீஸ் நேரத்தில் மாதக் கணக்கு முடிப்பது, ராத்திரியில் இது. நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. தலைமை அதிகாரி அவரோடு படம் எடுத்துக்கொண்டார், அந்தப் படம் ஆண்டறிக்கையில் வந்தது.

ஜனவரியில் அப்ரைசல் கூட்டம். மேலாளர்கள் எல்லோரும் ஒரு அறையில் உட்கார்ந்து, திரையில் எக்செல் ஷீட்டைப் போட்டு, யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று பேரம் பேசும் கூட்டம் அது. எச்ஆர் சார்பில் நானும் இருந்தேன். அந்தப் பெண்ணின் வரி வந்ததும் அவருடைய மேலாளர் சொன்னார்: "திறமைசாலிதான், ஆனா அக்டோபர்ல கொஞ்சம் கவனம் சிதறிடுச்சு, மாதக் கணக்கு ரெண்டு நாள் தள்ளிப் போச்சு." மதிப்பெண் ஒரு படி இறங்கியது. அது நிகழ்ச்சி வேலையால் என்று நான் சொன்னேன். "அது அவங்களாவே விரும்பிச் செஞ்சதுதானே" என்று பதில் வந்தது. அந்த ஷீட்டில் கமிட்டி வேலைக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. இல்லாத கட்டத்தில் எதை நிரப்புவது? மதிப்பெண் இறங்கியதால் போனஸ் குறைந்தது, போனஸ் குறைந்தவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலுக்கே போகாது என்பது அங்கே விதி. அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். போனபிறகும் வெகுநாள், அந்தக் கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் படம்தான் இருந்தது. அதைவிட எரிச்சல், செப்டம்பரில் எனக்கு வந்த முதல் கேள்வி: "இந்த வருஷம் அக்டோபரை யார் பார்த்துக்கப் போறாங்க?"

இன்றைக்கும் எனக்கு வரும் திட்டங்களில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெயர், அது யார் என்று நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

என்ன செய்யலாம்? பொறுப்பாளராக ஒரு இயக்குநரைப் போடுங்கள், அலங்காரத்துக்கு இல்லை, ஹால் கிடைக்காவிட்டால் அவருக்குப் போன் போகிற மாதிரி. ஓடியாடும் வேலைக்கு எந்த இனமும் தேவையில்லை. ஹால் பிடிக்க, சாப்பாடு சொல்ல, மைக் பார்க்க உங்கள் வெள்ளைக்கார சகாக்களுக்கும் நன்றாகவே வரும். கறுப்பின ஊழியர் யாராவது தானாக முன்வந்தால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அவருடைய மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், அந்த அளவுக்கு வேறு வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள், வருஷ இலக்குகளில் ஒன்றாக அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். மேலாளர் எழுதித் தர மறுத்தால் அந்த வருஷம் நிகழ்ச்சியைச் சின்னதாக நடத்துங்கள். கேட்கும்போதே, வேண்டாம் என்று சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். முடிந்தால் அவருடைய மேலாளர் வழியாகக் கேட்காதீர்கள்.

"நாமும் கறுப்புதானே"

நம்மவர்கள் இதைச் சொல்லிக்கொண்டு மேடையேறுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். 1970களில் இங்கே ஆசியர்களும் 'கறுப்பர்' என்ற பெயரின் கீழ் ஒன்றாக நின்று போராடியது உண்மை. லண்டனில் ஆசிய, கறுப்பினப் பெண்களுக்காக 1979இல் ஆரம்பித்த சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பின் பெயரிலேயே அது இருக்கிறது. அந்தக் கூட்டணி ஒரு அரசியல் முடிவு. அதைச் சாக்காக வைத்து, அக்டோபர் மாத மேடையில் நம் விசா கஷ்டத்தைப் பேசக் கூடாது. கூடவே, மாப்பிள்ளை தேடும் விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று போடுகிற சமூகம் நாம். அதைப் பேசுவதென்றால் பேசுங்கள், நான் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.

முடி

தொடாதீர்கள். கறுப்பின சகாக்களின் முடியை, கேட்டுவிட்டும் தொடாதீர்கள்.

பெயர் போடாத சர்வே

'பெயர் வேண்டாம், மனம் திறந்து சொல்லுங்கள்' என்று கேள்வித்தாள் அனுப்புவார்கள். பிரிவு என்ன, வயது என்ன, இனம் என்ன என்று மூன்று கேள்வி அதில் இருக்கும். சட்டப் பிரிவில் கறுப்பினத்தவர் ஒருவர்தான் என்றால் அது பெயர் போட்ட கடிதம். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் பதில்களைத் தனியாகப் பிரித்துக் காட்டாதீர்கள், மேலாளர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அப்புறம், போன சர்வேயில் சொன்னதற்கு என்ன செய்தோம் என்று சொல்லாமல் அடுத்த சர்வே அனுப்பினால், பதில் எழுதாதவர்களைக் குறை சொல்ல முடியாது.

பயிற்சி வகுப்போடு முடித்துக்கொள்வது

உள்மனச் சாய்வு, அதாவது நமக்கே தெரியாமல் மனதில் இருக்கும் பாகுபாடு, பற்றிய அரை நாள் வகுப்பு எல்லா எச்ஆருக்கும் பிடிக்கும், ஏனென்றால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டலாம். பிரிட்டிஷ் அரசே தன் ஊழியர்களுக்கு இந்த வகுப்பு வேண்டாம் என்று 2020 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அந்த முடிவின் அரசியல் தனிக் கதை. ஆனால் வகுப்பில் தலையாட்டியவர்தான் மறுநாள் இன்டர்வியூ முடிந்து "ஆள் நல்லாத்தான் இருக்கார், நம்ம டீமுக்கு செட் ஆக மாட்டார்" என்கிறார்.

அமெரிக்காவில் பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள், 2004இல் வெளியானது. கறுப்பினப் பெயர்போல் ஒலிக்கும் பெயர்களைவிட வெள்ளையர் பெயர்போல் ஒலிக்கும் பெயர்களுக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அதனால் முதல் சுற்றில் விண்ணப்பத்தின் பெயரை மறைப்பது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, பேசிக்கொள்வதற்கு முன்பே ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் போட்டுவிடுவது, 'செட் ஆகாது' என்பதைக் காரணமாக ஏற்காமல் இருப்பது எல்லாம் உதவும். 'இத்தனை இடம் கறுப்பினத்தவருக்கு' என்று உற்சாகத்தில் அறிவித்துவிடாதீர்கள். 2010 சமத்துவச் சட்டம் அந்த மாதிரி ஒதுக்கீட்டை இங்கே அனுமதிக்காது. தகுதியில் இருவர் சமமாக இருக்கும்போது, அந்த வேலையில் குறைவாக இருக்கும் இனத்தவரைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான் இடம் உண்டு.

யாரும் கேட்காத ஒரு பட்டியல் இருக்கிறது. மேலாளர் பிரசவ விடுப்பில் போகிறார், ஆறு மாதத்துக்கு அந்த நாற்காலியில் ஒருவரை உட்கார வைக்கிறார்கள், விளம்பரம் கிடையாது, இன்டர்வியூ கிடையாது, அந்த ஆறு மாத அனுபவத்தை வைத்து அடுத்த வருஷம் அவருக்கே பதவி உயர்வு. கடைசி இரண்டு வருஷத்தில் உங்கள் ஆபீஸில் இப்படித் தற்காலிகப் பொறுப்பு யார் யாருக்குப் போனது என்று எச்ஆரிடம் கேளுங்கள். அப்படி ஒரு பட்டியலே இல்லை என்பார்கள், என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். உட்கார்ந்து தயார் செய்யச் சொல்லுங்கள், போஸ்டர் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.