இழுபட்டுத் தெரிந்த ‘கன்ஸ்மோக்’கைச் சரிசெய்த விதம்: என் அனுபவம்

‘கன்ஸ்மோக்’ என்ற பழைய அமெரிக்க கௌபாய் டிவி தொடரை, விளம்பரங்களோடு சட்டப்படி இலவசமாகக் காட்டும் ஓர் ஆப்பில் பார்க்கிறேன். 1955 முதல் 1975 வரை 20 சீசன், 635 எபிசோடு. பெரிய புதையல்!

ஆனால் படம் அகலவாக்கில் இழுபட்டிருந்தது. மார்ஷல் மேட் தில்லனாக வரும் ஜேம்ஸ் ஆர்னஸ் ஆறடி ஏழு அங்குல ஆள். என் திரையில் குட்டையாக, தோள் பெருத்துத் தெரிந்தார். வண்டிச் சக்கரம் முட்டை வடிவில் உருண்டது. அந்தக் காலத் தொடர்கள் 4:3 அளவில் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) எடுக்கப்பட்டவை; இன்றைய டிவி அதைவிட அகலமான 16:9.

டிவிக்குள் இருந்த ஆப்பில் பட அளவை மாற்றும் வசதி மங்கலாகக் கிடந்தது, அழுத்தினாலும் வேலை செய்யவில்லை. அதே ஆப்பை, டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் போட்டேன். பிறகு டிவி ரிமோட்டில் செட்டிங்ஸ், பிக்சர் சைஸ் என்று போய் 4:3 வைத்தேன். சக்கரம் வட்டமாகிவிட்டது! இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அது வரத்தான் வேண்டும். அதை நிரப்ப ‘ஜூம்’ வைத்தால் மார்ஷலின் தொப்பி வெட்டுப்படும்.

அசைவுகளைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூதிங் வசதியையும் டிவியில் அணைத்துவிடுங்கள். தொடர் வண்ணத்துக்கு மாறியது 1966இல்தான்; அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளை எபிசோடுகளின் நிழல்கள் அவ்வளவு அழகு. இடையில் வரும் 16:9 விளம்பரங்கள் மட்டும் 4:3க்குள் ஒடுங்கித் தெரியும், போகட்டும்.