மாவு பாக்கெட்டை நிறுத்தினாலே மாதம் முந்நூறு மிச்சம்

மளிகைச் செலவைக் குறைக்க வழி கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இட்லி, தோசை மாவு கடையிலா வாங்குறீங்க?" என்பதுதான். பிஸ்கட், நொறுக்குத்தீனி எல்லாம் அப்புறம். நாலு பேர் இருக்கும் வீட்டில் வாரம் இரண்டரை கிலோ மாவு சர்வசாதாரணமாகக் காலியாகும்.

எங்கள் கோவைப் பக்கத்துக் கடையில் பாக்கெட் மாவு கிலோ 60 ரூபாய். ஆக வாரம் 150. அதே அளவு மாவுக்கு வீட்டில் தேவைப்படுவது இட்லி அரிசி 800 கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி கிலோ 50, உளுந்து கிலோ 140 என்று வைத்தாலும் கரண்டோடு சேர்த்து 75ஐத் தாண்டாது. ரேஷன் புழுங்கலரிசியைப் பாதி கலந்தால் இன்னும் இறங்கும். அதை நாலைந்து தண்ணீர் விட்டுக் களைய வேண்டும், அவ்வளவுதான்.

அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கும் வெந்தயத்துக்கும் ஒரு மணி நேரம் போதும். உளுந்தில்தான் காசே இருக்கிறது. மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றிவிடாமல், ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரைக் கை கையாகத் தெளித்து கிரைண்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். குழவி சூடேறினால் உளுந்து மாவு நிறையக் காணாது. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் வழித்துவிடலாம். அரிசியை நைஸாக அரைக்க வேண்டாம், விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை போல் நெருடட்டும். கல்லுப்புப் போட்டுக் கையாலேயே கரைத்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல் மூடி வையுங்கள். சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் விடிய விடிய விட்டாலும் சில நாள் சோம்பலாகவே கிடக்கும். அடுப்பு ஓரமாக வையுங்கள்.

பொங்கியதும் கிளறாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் மேலாக எடுங்கள். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை. புளிப்பு ஏறிவிட்டால் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிப் பணியாரம். எங்கள் வீட்டில் இதற்காகவே மாவைப் பதுக்குகிறவர்கள் உண்டு.

இஞ்சி பூண்டு விழுதும் இப்படித்தான். இரண்டையும் சம எடை எடுத்து, கொஞ்சம் உப்பும் எண்ணெயும் விட்டு அரைத்தால் ஃபிரிட்ஜில் பத்து நாள் தாங்கும். சாம்பார் பொடிக்கு மிளகாய், மல்லி, பருப்பு வகைகளை வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்துவிடுங்கள். மிக்ஸியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்பளம் மட்டும் நான் கடையில்தான் வாங்குகிறேன். உளுந்து மாவை இடித்துப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்துக் காயவைக்க எனக்குப் பொறுமையும் இல்லை, மொட்டை மாடியும் இல்லை.