இரண்டாம் பாகத்தில் வாதைக்கு எல்லை போடுங்கள்

திருநெல்வேலிச் சீமையை வைத்து மாயக்கதை எழுதுகிறவர்கள் பொதிகை மலை, இசக்கி, சுடலை என்கிற ஊர்ச்சாமிகள், ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி என எல்லாவற்றையும் முதல் பாகத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். இரண்டாவதில் புதிதாக எதுவும் இல்லாமல் மந்திரத்தின் பலத்தைக் கூட்டுகிறார்கள். கதை படுத்துவிடுவது அங்கேதான். எதையும் செய்ய முடிந்த வாதையை, அதாவது பலி கேட்கும் ஆவியை, பார்த்து யார் பயப்படுவார்கள்?

முதல் பாகத்தைப் பென்சிலும் நோட்டுமாக வாசியுங்கள். இடப்பக்கம், மந்திரம் என்ன செய்தது என்பதைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். வலப்பக்கம், அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக நிற்கும் வரிகளில்தான் அடுத்த கதை இருக்கிறது. வாதை நாயகியை மூன்று முறை காப்பாற்றியிருக்கும். ஒரு சேவல்கூடக் கேட்டிருக்காது. கொடை, அதாவது படையல் விழா, நின்றுபோன சாமி சும்மா இருக்காது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மூன்று பாக்கியும் ஒன்றாகக் கேட்கப்படட்டும்.

அடுத்தது எல்லை. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். கடைசியானது வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. பழைய அணை ஒவ்வொன்றிலும் காவலுக்கு நிற்கும் தெய்வத்திடம் உத்தரவு வாங்காமல் வாதை தாண்ட முடியாது என்று வையுங்கள். எட்டாவதில் கேட்க ஆளில்லை. அதற்குக் கீழே இருக்கிற ஊர்கள் என்ன ஆகும்? இப்படி ஒரு தடை, பத்துப் புதிய மந்திரங்களைவிட அதிகக் கதை தரும். ஆனால் முதல் பாகத்தில் வாதை அணையைச் சும்மா தாண்டியிருந்தால் அதை மறைக்காதீர்கள். அன்று யார் உத்தரவு கொடுத்தது என்பதையே மர்மமாக்குங்கள்.

தூரமும் பருவமும் பலரைக் கவிழ்த்திருக்கின்றன. ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். நாளுக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் ஐந்து நாளுக்கு மேல் ஆகும். மலையடிவாரத்துப் பாபநாசத்திலிருந்து ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலுக்கு ஒரே இரவில் நடந்து போக முடியாது. பெருவெள்ளம் ஐப்பசி, கார்த்திகையில் வரும். சித்திரைக் கொடையையும் அதையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தால் ஊர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். சித்திரையில் கொடை நிற்கட்டும், கார்த்திகையில் ஆறு வரட்டும். இடையிலுள்ள ஏழு மாதம் உங்கள் கதையின் கெடு.

முன்கதைச் சுருக்கத்துக்கு இருபது பக்கம் வேண்டாம். வில்லுப்பாட்டில் காப்புப் பாடியதும், வரப்போகும் கதை இன்னதென்று சொல்லிவிடுவார்கள். அதுபோல ஒரு பக்கத்தில் முடியுங்கள். மிச்சத்தை, பழைய சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிச் சண்டை போடும்போது கொண்டுவாருங்கள்: “நீரு அன்னிக்கு அங்க இல்லவே, நான் சொல்லுதேன் கேளும்.”

முதல் மூன்று அத்தியாயங்களை, முதல் பாகம் வாசிக்காத ஒருவரிடம் கொடுங்கள். “இது யாரு?” என்று அவர் கேட்கிற இடத்தில் ஒரு வரி சேருங்கள், இரண்டாவது வரி வேண்டாம்.