பிலின் புரதத்தில் மாறாத பகுதியைக் கண்டுபிடிப்பது எப்படி?

டர்பனில் நுண்ணுயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். ஃபாஸ்டா கோப்பு (புரத வரிசையை எழுத்துகளாக வைத்திருக்கும் கோப்பு) என்றால் என்ன என்பது தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நான்காம் வகை பிலஸ் என்பது பாக்டீரியா வெளியே நீட்டும் மெல்லிய இழை. பிலின் என்ற சிறு புரதம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் அது உருவாகிறது. பழகுவதற்கு சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் பிஏகே திரிபை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிலினான 'பில்ஏ'வின் வரிசையை யூனிப்ராட் என்ற புரத வரிசைத் தளத்திலிருந்து இறக்கி, புரதப் பகுதிகளை அடையாளம் காட்டும் இன்டர்ப்ரோ தளத்தில் ஒட்டித் தேடுங்கள். வரிசையின் தொடக்கத்திலேயே ஒரு டொமைன் (புரதத்தின் தனித்த பகுதி) காட்டும். நாம் தேடுவது அதுதான்.

அடுத்த படியில் நிதானம் வேண்டும். யூனிப்ராட்டில் இந்த வரிசை 150 அமினோ அமிலம். ஆய்வுக் கட்டுரைகளிலோ 144. எனக்கும் இந்தக் கணக்கு உதைத்தது. காரணம் எளிது. 'பில்டி' என்ற நொதி முன்னால் இருக்கும் 6 அமினோ அமிலத் துண்டை, கடைசியில் உள்ள கிளைசினுக்குப் பின் வெட்டிவிடுகிறது. வெட்டியபின் முதலில் நிற்கும் ஃபினைல்அலனினில் ஒரு மெத்தில் தொகுதியையும் ஏற்றுகிறது. கட்டுரைகள் அங்கிருந்துதான் 1 என்று எண்ணுகின்றன. ஆக, அவர்கள் சொல்லும் 5ஆம் இடத்துக் குளூட்டமேட் உங்கள் கோப்பில் 11ஆம் இடத்தில் இருக்கும். இதை முதலில் குறித்து வைத்துவிட்டுத்தான் நான் வேறு வேலையைத் தொடுவேன். இழை அடுக்கப்படும்போது பக்கத்துப் பிலினின் முதல் அமினோ தொகுதியோடு இணைவது இந்தக் குளூட்டமேட் என்பதால், எண் தவறினால் எல்லாமே தவறிவிடும்.

வெட்டும் இடத்தைச் சரிபார்க்க, அதைக் கணித்துச் சொல்லும் சிக்னல்பி 6 என்ற கருவி போதும். பழைய 5ஆம் பதிப்பு வேண்டாம், அதற்குப் பிலினின் முன்துண்டு போன்ற இந்த வகைச் சமிக்ஞை தெரியாது.

அப்புறம் வடிவம் பார்க்க வேண்டும். உலாவியில் பார்ப்பதைவிட, புரத வடிவம் காட்டும் கைமீராஎக்ஸ் மென்பொருள் எனக்குப் பிடிக்கும். கோப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்திலும் மடிக்கணினியில் வேலை நடக்கும். பிடிபி என்ற புரத வடிவத் தளத்தின் '1ஓக்யூடபிள்யூ' (1OQW) என்பதைத் திறந்து, கட்டுரைகளின் எண்படி 1 முதல் 28 வரை ஒரு நிறம் பூசுங்கள். நீரை வெறுக்கும் நீண்ட சுருள் தெரியும். எல்லா நான்காம் வகைப் பிலினிலும் பெரிதும் மாறாமல் வருவது இதுதான். அதன் மேலே பீட்டா தகடுகளாலான தலை. அது இனத்துக்கு இனம், திரிபுக்குத் திரிபு மாறும். 129, 142 ஆகிய இடங்களின் சிஸ்டீன்கள் பிணைந்து வளைக்கும் கடைசிப் பகுதியையும் பார்த்துவிடுங்கள். செல்களில் ஒட்டுவது அங்கேதான். தடுப்பூசி ஆய்வாளர்கள் தலையின் மாறுதலோடு இன்னமும் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இந்த வடிவத்திலேயே இருக்கிறது.

படிகத்தில் தொடர்ச்சியாகத் தெரியும் சுருளை இழையிலும் அப்படியே இருப்பதாக நம்பிவிடாதீர்கள். 14ஆம் கிளைசினுக்கும் 22ஆம் புரோலினுக்கும் நடுவே அது அவிழ்ந்திருப்பதைக் குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் காட்டின.

பிற்சேர்க்கை: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகர், கொனோரியா பாக்டீரியாவின் பிலினான 'பில்ஈ'யில் 6ஐக் கழித்தால் ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தார். சரிதான், அங்கே முன்துண்டு 7. எண்ணை மனப்பாடம் செய்யாமல், கிளைசினையும் அதை அடுத்த ஃபினைல்அலனினையும் தேடுங்கள்.

இன்னொருவர் ஈ.கோலை பாக்டீரியாவின் 'ஃபிம்ஏ' என்ற பிலினைப் போட்டு, இந்த டொமைன் வரவில்லை என்றார். வராது. அது வேறு குடும்பம். அங்கே ஒவ்வொரு பிலினிலும் ஒரு பீட்டா இழை குறைவு, அடுத்த பிலினின் முனை வந்து அந்த இடத்தை நிரப்புகிறது.