1993-இல் எழுதிய டாஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டுவது

1993-இல் டர்போ பாஸ்கல் என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளில், அப்போதைய பிசிகளில் இருந்த டாஸ் இயங்குதளத்துக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பீமின் நீளத்தையும் அதன்மேல் வரும் பாரத்தையும் கொடுத்தால் எத்தனை கம்பி, என்ன விட்டம் என்று சொல்லிவிடும். இன்றும் கணக்கைச் சரிபார்க்க அதைத்தான் திறக்கிறேன். ஆனால் இப்போது மேசையில் இருப்பது லினக்ஸ் ஒர்க்ஸ்டேஷன். அதில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது, டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வேண்டும்.

லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் போதாதா என்று கேட்பார்கள். வைன் விண்டோஸ் புரோகிராம்கள் கேட்பதை யூனிக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். டாஸ்பாக்ஸ் ஒரு பழைய பிசியின் பிராசஸரையே மென்பொருளாகச் செய்துகாட்டுகிறது. இன்டெல் சிப் இல்லாத ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலும் ஓடுவது அதனால்தான்.

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் டாஸ்பாக்ஸ் பேக்கேஜாகவே கிடைக்கிறது. நிறுவியதும் ஹோம் டைரக்டரிக்குள் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, பழைய ஃபைல்களை அதில் வைத்து, டாஸ்பாக்ஸின் மவுன்ட் கட்டளையால் அதை மட்டும் சி டிரைவ் ஆக்குங்கள். ஹோம் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே தவறாக ஒரு டெலீட் அடித்தால் உண்மையான ஃபைலே போய்விடும். ஃபைல் பெயர்கள் டாஸ் வழக்கப்படி எட்டெழுத்துக்குள் இருக்கட்டும். வெளியிலிருந்து புதிதாகப் போட்ட ஃபைல் உள்ளே தெரியவில்லையா, கன்ட்ரோல் எஃப்4 அழுத்துங்கள்.

நான் மாட்டிக்கொண்டது வேகத்தில். டாஸ்பாக்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் சைக்கிள்ஸ் என்ற வரிக்கு மேக்ஸ் என்று கொடுத்தேன், வேகம் நல்லதுதானே என்று. புரோகிராம் திறந்த உடனே ரன்டைம் எரர் 200, பூஜ்யத்தால் வகுத்தல் என்று சொல்லி நின்றுவிட்டது. என் கணக்கில் பூஜ்யமே கிடையாது! திரை, கீபோர்டு வேலைகளுக்காக டர்போ பாஸ்கலுடன் வரும் சிஆர்டி யூனிட் தொடக்கத்தில் ஒரு வெற்று லூப்பை 55 மில்லி செகண்டு ஓட்டி, எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, 55-ஆல் வகுக்கும். விடை 16 பிட்டுக்குள், அதாவது 65,535-க்குள் அடங்க வேண்டும். மெஷின் வேகமாக இருந்தால் அடங்காது. பிராசஸர் அதையும் வகுத்தல் பிழை என்றே சொல்லும். 90-களின் கடைசியில் பென்டியம் 2 வந்தபோது நிஜ மெஷின்களிலும் இதே கூத்துதான்.

மருந்து, வேகத்தைக் குறைப்பது. சைக்கிள்ஸ் என்பது ஒரு மில்லி செகண்டுக்கு எத்தனை கட்டளை என்ற கணக்கு. 3,000 கொடுத்தால் பழைய இன்டெல் பிராசஸரான 386-இன் ஆரம்பகால மாடல் மாதிரி நடக்கும். 25,000 கிட்டத்தட்ட அதற்கு அடுத்து வந்த 486. எனக்கு 10,000 சரியாக இருந்தது. ஓடும்போதே கன்ட்ரோல் எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோல் எஃப்9-இல் மட்டும் விரல் படக்கூடாது, கேள்வி கேட்காமல் மூடிவிடும். நான் இரண்டு முறை அடித்திருக்கிறேன்.

அப்புறம் பிரிண்ட். சாதாரண டாஸ்பாக்ஸில் பிரிண்டர் போர்ட் இல்லை. புரோகிராமின் சோர்ஸ் கோட் கையில் இருந்ததால் பிரிண்டருக்குப் போவதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்குத் திருப்பினேன். அதை லினக்ஸில் திறந்தால் அட்டவணைக் கோடுகள் எல்லாம் வேறு ஏதோ எழுத்தாகத் தெரியும். லினக்ஸின் ஐகான்வ் கட்டளையில், டாஸின் பழைய எழுத்துக் குறியீடான கோட் பேஜ் 437-இலிருந்து இன்றைய யூடிஎஃப் 8-க்கு மாற்றுங்கள், கட்டங்கள் திரும்பி வந்துவிடும்.